வாள் கிடைச்சாச்சு, உறை எங்கே?

ராஜா காலத்துப் படம் எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஹீரோ இடுப்பிலிருந்து வாளை உருவுவார். ‘ஷ்ஷிங்!’ என்று ஒரு சத்தம் வரும். தியேட்டரில் விசில் பறக்கும்.

அந்தச் சத்தம் ஸ்டூடியோவில் சேர்த்தது. பழைய காலத்து வாள் உறைகளில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. வாள் அதிலிருந்து வெளியே வரும்போது கேட்பது ‘சர்ர்’ என்று ஒரு மெல்லிய உரசல், அவ்வளவுதான். நிஜமாகவே ‘ஷ்ஷிங்’ என்று கேட்டால் இரும்பின் கூர் இன்னொரு உலோகத்தில் உரசுகிறது என்று அர்த்தம். நாலு தடவை உருவினால் கூர் மழுங்கிடும். அப்படி ஒரு உறையைச் செய்தவரை எந்த ராஜாவும் வேலையில் வைத்திருக்க மாட்டார்.

உறை என்றால் கத்தியை மூடி வைக்கிற ஒரு கவர் என்றுதான் நாம நினைக்கிறோம். ஆனால் அது மரம், ரோமம், தோல், பசை, உலோகம் என்று ஐந்து பொருட்கள் சேர்ந்து வேலை செய்யும் ஒரு டிசைன். அதற்குள் என்ன இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மக்கிப்போன ஒன்றைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற ஒரு மாணவர் அதைக் கையாலேயே செய்து பார்க்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரில் வாளுக்குப் பஞ்சமில்லை

தமிழ்நாட்டில் இரும்பு பற்றிய செய்திகளை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளையின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. சேலம் மாவட்டம் மேட்டூர் பக்கத்தில் தெலுங்கனூரில் ஈமச்சின்னத்தில் கிடைத்த வாள் அதிகக் கார்பன் கொண்ட எஃகு என்று ஆய்வில் தெரிந்தது. ஆதிச்சநல்லூரில் நூறு வருஷத்துக்கு முன்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த இரும்புப் பொருட்களை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை வருஷம் பழசு? அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கு. இந்த வாளை எதில் வைத்திருந்தார்கள்? முக்கால் மீட்டர் நீளமுள்ள கூரான இரும்பை யாரும் வெறும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடியாது.

இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுவது நம் ஆட்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது என்பதற்கு இலக்கியச் சாட்சியே உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமானின் தூதராகப் போன அவருக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டியபோது பாடியதாகச் சொல்வார்கள். அந்த ஆயுதங்களுக்கு மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள இடத்தில் வைத்திருந்தார்கள் என்று பாட்டு சொல்கிறது. கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘நெய் பூசி’ என்ற விவரத்தை மட்டும் மெட்டீரியல் சயின்ஸ் கண்ணோடு பாருங்க. இரும்புக்கும் ஈரக்காற்றுக்கும் நடுவே ஒரு கொழுப்புப் படலம். நாம் குடியிருக்கும் ஆவடியும் பூந்தமல்லியும் அதே தொண்டைமண்டலம்தான், அதே புழுக்கம்தான்!

துரு என்கிற பென் டிரைவ்

மண்ணுக்குள் போன மரமும் தோலும் மக்கிப் போகும். கரையான் விட்டாலும் பாக்டீரியா விடாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த மரம் இரும்பை ஒட்டி இருந்தால், இரும்பு துருப்பிடிக்கும்போது கரைந்து வரும் இரும்பு அயனிகள் மரத்தின் செல் சுவர்களுக்குள் நுழையும். அங்கே ஆக்சைடாகப் படியும். மரம் மெதுவாக மறைந்துகொண்டே இருக்கும், துரு அதே அச்சில் நிரம்பிக்கொண்டே இருக்கும். கடைசியில் மரம் இருக்காது. ஆனால் மரத்தின் செல் அமைப்பு துருவில் அப்படியே வார்த்து வைத்ததுபோல் நிற்கும். ரோமம், நெசவுத் துணி, தோல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதாவது, வாளை அழித்த துருவே உறையின் தகவலைச் சேமித்து வைத்திருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் துருத் துணுக்கை வைத்தால் அது எந்த வகை மரம், ரோமத்தின் படுக்கை எந்தப் பக்கம், துணியின் ஊடு பாவு எப்படி என்று படிக்க முடியும்.

இதை முறையாகச் செய்து காட்டிய ஊர் இங்கிலாந்து. ரோமானியர்கள் பிரிட்டனை விட்டுப் போனபிறகு, வடக்கு ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் ஆங்கிலோ-சாக்சன்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் காலம். 1939இல் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பலையே கல்லறையாக்கிப் புதைத்திருந்தார்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கே காஞ்சியில் மகேந்திரவர்மப் பல்லவன் ஆண்டுகொண்டிருந்த சமயம் என்று வைத்துக்கொள்ளுங்க.

அந்தக் கல்லறையில் பொன்னும் சிவப்புக் கல்லும் பதித்த ஒரு வாள் கிடைத்தது. அது தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, உறையோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. உருவ முடியாது. ஆனால் எக்ஸ்-ரே எடுத்தபோது, பல இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒன்றாக அடித்துச் செய்த வாள் என்பது தெரிந்தது. வெளியே ஒட்டியிருந்த மிச்சங்களிலிருந்து மரமும் தோலும் தெரிந்தன. இப்படிப் பல கல்லறை வாள்களின் துருவைப் பரிசோதித்து, எஸ்தர் கேமரன் என்ற ஆய்வாளர் கி.பி. 400 முதல் 1100 வரையிலான இங்கிலாந்தின் உறைகளைப் பற்றி 2000இல் ஒரு புத்தகமே எழுதினார். உருவத்தில் ஓர் உறைகூட முழுசாக மிச்சமில்லாத பல இடங்களில், உறையின் ‘எக்ஸ்ப்ளோடட் வியூ’ துருவிலிருந்து கிடைத்துவிட்டது.

ஐந்து அடுக்கு, ஐந்து காரணம்

அந்த எக்ஸ்ப்ளோடட் வியூ இதுதான். உள்ளிருந்து வெளியே போவோம்.

முதலில் ரோமம். ஆட்டுத் தோலை ரோமத்தோடு, ரோமப் பக்கம் வாளைத் தொடுகிற மாதிரி ஒட்டினார்கள். கம்பளி ரோமத்தில் லானோலின் என்ற இயற்கை மெழுகு உண்டு. வாள் உள்ளே போய் வரும்போதெல்லாம் லேசாக எண்ணெய் தடவியதுபோல ஆகும். இன்னொரு பயன் பிடிமானம். ரோமத்தின் படுக்கை நுனியை நோக்கி இருக்கிற மாதிரி ஒட்டினால், வாள் உள்ளே சுலபமாகப் போகும், வெளியே வரும்போது கொஞ்சம் எதிர்க்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம். திசைக்குத் திசை மாறும் உராய்வு என்று பாடத்தில் படிச்சதுதான்.

இரண்டாவது மரம். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பட்டைகள், உள்பக்கம் குடைந்தவை. வடிவத்தைக் காப்பது இதன் வேலை. எந்த மரம் என்பது முக்கியம். டானின் அதிகமுள்ள மரம் ஈரத்தில் இரும்பை அரிக்கும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் ஒரு ஆணியைப் போட்டுப் பாருங்க, கறுப்பாகிவிடும். டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்த வேதியியல் பேனாவுக்கு நல்லது, வாளுக்கு ஆகாது.

மூன்றாவது பசை. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது இதைத்தான்.

நான்காவது தோல். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் சட்டை. மரத்தின் இணைப்பு விட்டாலும் தோல் விடாது. ஆனால் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலிலும் டானின் இருக்கிறது. அதனால்தான் தோல் வெளியே, இரும்பு உள்ளே, நடுவில் மரமும் ரோமமும். அடுக்கு வரிசையில் ஒரு தர்க்கம் இருக்கு பாருங்க.

ஐந்தாவது உலோகம். வாய்ப்பகுதியில் ஒரு பட்டை, நுனியில் ஒரு பூண். வாளை அவசரமாகச் செருகும்போது வாய் பிளக்காமலும், வாள் முனை அடியைக் குத்திக் கிழிக்காமலும் இருக்க. பாட்டி வீட்டு உலக்கையின் அடியில் இருக்கிற பூணுக்கும் இதே வேலைதான். மரம் பிளக்கிற இடத்தில் உலோக வளையம்.

இந்த டிசைன் இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. இந்திய வாள்களுக்கான வழக்கமான உறையும் இரண்டு மரப் பட்டைகள்தான், மேலே தோல் அல்லது வெல்வெட் துணி, நுனியில் உலோகப் பூண். ஜப்பானில் பிசினும் அமிலமும் குறைந்த மென்மையான மக்னோலியா மரத்தில் உறை செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் காப்பியடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கூரான, துருப்பிடிக்கிற, நீளமான ஒரு பொருளை உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற அதே கணக்குக்கு ஏறத்தாழ அதே விடைதான் வரும்.

நிஜ வாள் வேண்டாம், சட்டம் சும்மா விடாது

செய்முறைக்குப் போகும் முன் சீரியஸாக ஒரு விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளும் அதில் சேரும். ‘ப்ராஜெக்டுக்காக சார்’ என்று ரயில்வே போலீஸிடம் விளக்கிக்கொண்டு நிற்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

நமக்கு வாளே தேவையில்லை. வாள் அளவுள்ள ஒரு பட்டை போதும். 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன், 700 மி.மீ. நீளமுள்ள எம்.எஸ். பிளாட் ஒன்றை எடுத்துக்கோங்க. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற சாதாரண இரும்புப் பட்டை. மூலைகளை அரத்தால் உருட்டி விடுங்க. கூர் வேண்டாம், முனை வேண்டாம், கைப்பிடி வேண்டாம். கணக்குப் போட்டால் எடை சுமார் 1.1 கிலோ வரும். நிஜ வாளின் எடைக்குப் பக்கத்தில்தான். பட்டையை லேபிலேயே வைத்துவிட்டு வாங்க.

பொருள் வேட்டை

மரம்: குமிழ் மரம் நல்ல தேர்வு. லேசானது, உளிக்கு மெதுவானது, காய்ந்தபின் அதிகம் முறுக்காது. கருவேலம் வேண்டாம், டானின் அதிகம். சாமில்லில் மீந்த துண்டே போதும். நார் நேராக ஓடுகிற, நன்றாகக் காய்ந்த துண்டாகப் பாருங்க. முடிச்சு இருந்தால் வேண்டாம்.

தோல்: அம்பத்தூரிலோ ஆவடியிலோ சென்ட்ரல் ரயில் ஏறினால் பெரியமேடு, தோல் வியாபாரத்துக்குப் பேர் போன இடம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில், தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் என்று கேளுங்க. வெட்டிய ஓரத்தைப் பாருங்க. உள்ளே நீலமும் சாம்பலுமாக இருந்தால் அது குரோம் முறை. மெத்தென்று இருக்கும், ஆனால் நனைத்து வடிவம் பிடித்தால் நிற்காது. ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் உலகத்துக்கே போனது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இன்று ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் மரப்பட்டைச் சாறு அதிகம் பயன்படுகிறது, ஆனாலும் முறை அதேதான். ஆங்கிலோ-சாக்சன் தோல்காரருக்கு ஓக் பட்டை, நமக்கு ஆவாரை.

ரோமம்: இங்கேதான் சிக்கல். சென்னையைச் சுற்றி மேய்கிற மெட்ராஸ் ரெட் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது. வெயிலுக்கு ஏற்ற மாதிரி குட்டை முடிதான். கம்பளி தருகிற தமிழ்நாட்டு இனங்கள் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கறுப்பு ஆடு. ஆகவே பூந்தமல்லி சந்தையில் கிடைக்கும் தோலை வைத்து இங்கிலாந்து உறையை அப்படியே காப்பி பண்ண முடியாது. இரண்டு வழி உண்டு. சுத்தமான ஆட்டு ரோமக் கம்பளத் துணி, அல்லது முடியோடு பதனிட்ட உள்ளூர்த் தோல். இந்தச் சிக்கலே ஒரு நல்ல கேள்வி. நம் பகுதியில் பழங்காலத்தில் உறை செய்தவர் உள்ளே எதை ஒட்டியிருப்பார்? முடியா, துணியா, வெறும் மரமா? பதில் துருவில்தான் இருக்க முடியும்.

பசை: கிடைத்தால் வஜ்ஜிரம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதிக்க விட்டால் வலு போய்விடும். வெள்ளைப் பசையும் ஒட்டும்தான். ஆனால் பாலிவினைல் அசிடேட் வகைப் பசைகள் காலப்போக்கில் லேசாக அசிட்டிக் அமில ஆவி விடும். மூடிய உறைக்குள் இரும்போடு அது தங்குவது நல்லதில்லை. வஜ்ஜிரத்துக்கும் குறை உண்டு, மழைக்கால ஈரத்தில் இளகும். ஆனால் உறையைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டி வந்தால் வெந்நீர்த் துணி போதும். எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க.

செய்முறை

1. ஒரே மரத் துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து எடுங்க. ஒவ்வொன்றும் 740 மி.மீ. நீளம், 55 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன். ஒரே துண்டின் இரு பாதிகளைப் புத்தகம்போல் எதிரெதிராக வைத்து ஒட்டினால், ஒன்று வளைய நினைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் மற்றது வளையும். உறை நேராக நிற்கும்.

2. குடைவதற்கு முன் கணக்கு. பட்டையின் தடிமன் 5 மி.மீ. அமுங்கிய கம்பளி பக்கத்துக்கு 1 மி.மீ. மொத்தம் 7. ஆக ஒவ்வொரு மரத்திலும் 3.5 மி.மீ. ஆழம். மிச்சமிருக்கும் சுவர் 2.5 மி.மீ. குழியின் அகலம் 42 மி.மீ. என்றால் இரு ஓரத்திலும் 6.5 மி.மீ. ஒட்டும் பரப்பு கிடைக்கும். நுனிப்பக்கம் 30 மி.மீ. குடையாமல் விடுங்க.

3. உளியால் குடையுங்க. அவசரமே வேண்டாம், 2.5 மி.மீ. சுவர் ஒரே தட்டில் ஓட்டையாகிவிடும். பட்டையில் சாக்பீஸைத் தேய்த்து குழிக்குள் வைத்து எடுத்தால், எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே இன்னும் இறக்க வேண்டும். முதல் வருஷம் ஃபிட்டிங் லேபில் செய்த அதே வேலைதான். அங்கே இரும்பு, இங்கே மரம்.

4. கம்பளியைக் குழிக்குள் மட்டும் ஒட்டுங்க. ஒட்டும் ஓரத்தில் ஒரு நூல்கூட வரக் கூடாது. முடியுள்ள தோல் என்றால் முடியின் படுக்கை நுனியை நோக்கி.

5. இரண்டு பாதிகளையும் பசை தடவிச் சேர்த்து, பழைய சைக்கிள் ட்யூபை ரிப்பன்போல் வெட்டி இறுக்கமாகச் சுற்றுங்க. ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தும். பத்து கிளாம்ப் செய்யாத வேலையை அது செய்யும். ஒரு நாள் அப்படியே விடுங்க.

6. வெளிப்பக்கத்தை இழைப்புளியால் உருட்டி, குறுக்குவெட்டு ஒரு தட்டையான முட்டை வடிவத்துக்கு வரும்வரை இழைத்து, உப்புத்தாள் போடுங்க. இழைப்பதற்கு முன்பே இந்த மரம் சுமார் 130 கிராம்தான் இருக்கும், இழைத்தபின் இன்னும் குறையும். 1.1 கிலோ இரும்பைத் தாங்கப் போவது அதில் எட்டில் ஒரு பங்கு எடைகூட இல்லாத மரம்.

7. வாய்ப்பக்கம் நான்கைந்து சுற்று பருத்திக் கயிற்றை மரத்தின் மேல் ஒட்டினால், தோலை இழுத்து மூடும்போது மேடு மேடாகத் தெரியும். சில ஆங்கிலோ-சாக்சன் உறைகளின் அலங்காரம் இப்படித்தான்.

8. மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட 3, 4 மி.மீ. குறைவாகத் தோலை வெட்டுங்க. பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவிட்டு, இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் ஓரங்களை எதிரெதிராக வைத்துத் தையுங்க. குத்தூசியால் முதலிலேயே துளை போட்டுக்கோங்க. மெழுகு தேய்த்த நூலில் இரண்டு ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும். உங்கள் தெரு முனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. யூடியூபில் பத்து வீடியோ சொல்லாததை அவர் கை சொல்லும்.

9. தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புப் பட்டை உள்ளே இருக்கவே கூடாது. நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும். காயக் காயத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்வும்.

10. மெல்லிய பித்தளைத் தகட்டில் வாய்ப்பட்டையும் நுனிப் பூணும். தகட்டை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் நனைத்தால் பித்தளை இளகி, வளைப்பதற்கு வசதியாக இருக்கும். கார்பன் அதிகமுள்ள எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தால் இறுகும், பித்தளைக்கு நேர் எதிர். ஏன் என்று மெட்டலர்ஜி எடுக்கிற நண்பரிடம் கேளுங்க.

முடித்ததும் ஒரே ஒரு பரீட்சை. உறையைத் தலைகீழாகப் பிடியுங்க. பட்டை விழக் கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய இடைவெளியில்தான் உறை செய்பவரின் மொத்தத் திறமையும் இருக்கு. கால் மில்லிமீட்டர் அதிகம் குடைந்தால் விழும், கால் மில்லிமீட்டர் குறைவாகக் குடைந்தால் சிக்கும். இது எந்தப் புத்தகத்திலும் எண்ணாக எழுதப்படவில்லை. கையோடு வந்து கையோடு போன அறிவு.

ஔவையாரின் நெய்யைச் சோதிப்போமா?

உறை செய்வது பாதி வேலைதான். அது நம் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பது மீதி. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாக அரிக்க ஆரம்பிக்கும். 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகளே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலோர நகரமான சென்னைக்கு இது தினசரி காலைக் கதை. கம்பளியோ தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் குளிர்நாட்டில் வாளைக் காப்பாற்றிய கம்பளி, ஆவடியில் அதைக் காப்பாற்றுமா, கெடுக்குமா?

மினி ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா? அதே இரும்புப் பட்டையை 100 மி.மீ. துண்டுகளாக வெட்டி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, கெமிஸ்ட்ரி லேப் தராசில் எடை பாருங்க. ஒன்று சும்மா திறந்த வெளியில். ஒன்று வெறும் தோல் உறையில். ஒன்று வெறும் மர உறையில். ஒன்று மரமும் கம்பளியும் சேர்ந்த உறையில். கடைசியாக அதே மாதிரி இன்னொன்று, ஆனால் இரும்பில் நெய் பூசி. ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 30 நாள் ஹாஸ்டல் அறையில் வைத்து, வாரா வாரம் போட்டோ, கடைசியில் நெய்யைத் துடைத்து மறுபடியும் எடை. செலவு ஒரு பிரியாணிக் கணக்குதான். கிடைக்கிற விடையோ, டாங்கி செய்கிற ஆவடியில் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்விக்கான விடையாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு பழைய இரும்பைப் பார்க்கும் விதம் மாறிவிடும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உண்டு. அமிர்தமங்கலத்தில் 1950களிலேயே அகழாய்வு நடந்திருக்கிறது. ஏரிக்கரையிலோ, வீடு கட்டத் தோண்டிய பள்ளத்திலோ, துருப்பிடித்த நீளமான இரும்புத் துண்டு உங்கள் கண்ணில் படலாம். உடனே என்ன செய்யத் தோணும்? உப்புத்தாள் எடுத்துத் தேய்த்து, உள்ளே பளபளப்பு தெரிகிறதா என்று பார்க்கத் தோணும்.

தயவுசெய்து செய்யாதீங்க. அந்தத் துருவின் மேல்தோலில், ஒரு அரை மில்லிமீட்டருக்குள், அந்த ஊர்த் தச்சர் எந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார், தோல்காரர் எந்த ஆட்டின் தோலைக் கொண்டுவந்தார், யார் நெய்த துணியில் அதைச் சுற்றினார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கலாம். வாள் அரசன் கதையைச் சொல்லும். உறை அதைச் செய்தவர்களின் கதையைச் சொல்லும். அவர்களைப் பற்றிக் கல்வெட்டு எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கைவேலைக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தத் துருதான். நாலு நிமிஷம் உப்புத்தாள் போட்டால் அதுவும் போச்சு.

எடுக்காதீங்க, தேய்க்காதீங்க. இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்க. அடுத்த தடவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் (வெள்ளிக்கிழமை லீவு, மறந்துடாதீங்க) துருப்பிடித்த வாள்கள் முன்னால் ரெண்டு நிமிஷம் கூடுதலாக நில்லுங்க. வாளைப் பார்க்காதீங்க, வாள் மேல் இருக்கிற துருவைப் பாருங்க. நம் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் எக்ஸ்-ரேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இருக்கின்றன. அவற்றின் அடியில் வைத்துப் படிக்க வேண்டிய பக்கங்கள் இன்னும் நிறைய மிச்சமிருக்கு.

மழைக்காலச் சோதனையை யாராவது செய்து பார்த்தால், முடிவை நம் இதழுக்கு எழுதி அனுப்புங்க. நெய் ஜெயித்ததா, கம்பளி ஜெயித்ததா என்று தெரிந்துகொள்ள நாங்களும் காத்திருக்கோம்!